அடைப்புக்குறிக்குள் ஒரு க

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எந்தப் பெயரை எழுதுவது என்ற கேள்வியில் ஒருமுறை நன்றாக அடிபட்டவன் நான். அதற்குப் பிறகு எந்தப் படிவத்தில் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தாலும் கை கூசுகிறது.

ரங்கூனில் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். மாதா கோவில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று: முன்னால் ஒரு புனிதர், பின்னால் குடும்பப் பெயர். பள்ளிக்கூடத்தில் சேரும்போது பர்மியப் பெயர் ஒன்று. அடையாள அட்டையிலும், யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சர்க்கார் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலிலும் இந்த இரண்டாவதுதான் இருக்கும். வீட்டுக்குள் முதல் பெயர், வாசலைத் தாண்டினால் இரண்டாவது. செருப்பைப் போல மாட்டிக்கொண்டு வெளியே போவோம், திரும்பி வந்து கழற்றி வைப்போம். யாருக்கும் இதில் குழப்பம் இருந்ததில்லை, அமெரிக்கா குறுக்கே வரும்வரை.

நான் கியாக்டடாவில், சூலே பகோடாவுக்கு நாலு கட்டடம் தள்ளி, ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். எழுத்துக் கட்டைகளைப் பார்க்காமல், பேசிக்கொண்டே தட்டுவேன். வேறு எந்தத் திறமையும் என்னிடம் இல்லாததால் இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொள்வேன். காலேஜில் இரண்டாம் வருஷம் இருந்தபோது எண்பத்தெட்டின் மாணவர் போராட்டம் வந்தது. காலேஜை மூடினார்கள். பாதியில் விட்டவன் என்று என்னைச் சொல்வார்கள். நான் விடவில்லை, காலேஜ்தான் என்னை விட்டது. அப்புறம் திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அது மூடியேதான் கிடந்தது. திறந்த கதவோடு ஒரு காலேஜ் என் பெண்களுக்கு வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே ஆசை. அதற்காகத்தான் அமெரிக்கக் குலுக்கலில் இறங்கினேன்.

டி.வி. என்று அதைச் சொல்வோம். விசாவுக்கான குலுக்கல். வருஷத்துக்கு ஒரு மாதம்தான் விண்ணப்பம் வாங்குவார்கள். அச்சடித்த படிவம் கிடையாது. வெள்ளைத் தாளில் பெயர், குடும்பப் பெயரின் கீழே கோடு, பிறந்த தேதி, ஊர், மனைவி, பிள்ளைகள், கையெழுத்து எல்லாம் எழுதி, போட்டோவை ஒட்டி அனுப்ப வேண்டும். உறை இத்தனை அங்குல நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ளே இருக்க வேண்டும், இடது மேல் மூலையில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு உறைதான். இரண்டு போட்டால் இரண்டும் குப்பை. அந்த மாதத்தில் எங்கள் போட்டாதாங் பக்கம் ஸ்கேல் கிடைக்காது. பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டிகளெல்லாம் அப்பாக்களிடம் இருக்கும். எங்கள் தெருவுக்கு நான்தான் நிபுணர். டைப்படித்துக் கொடுத்து, உறையை அளந்து, "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தேன்.

என் தாளை டைப்படிக்கும்போது மனைவி கேட்டாள்.

"எந்தப் பேர்ல போடறீங்க?"

"கோவில் பேர்ல. அமெரிக்காக்காரனுக்கு வாயில நுழையற பேரு."

"கம்ப்யூட்டர்தான் குலுக்குதுன்னு நேத்து சொன்னீங்க. அதுக்கு ஏது வாயி?"

"கவரப் பிரிக்கறவன் மனுசன்தானே. சேர்ந்தாப்புல நாலு பர்மாப் பேரப் பாத்து அலுத்துப்போயிருப்பான். நம்ம பேரு வந்தா, அட நம்ம ஆளுன்னு நிமிந்து உக்காருவான்."

"நிமிந்து உக்காந்து?"

அவள் பெயரையும் குழந்தைகள் பெயரையும் கோவில் பெயராகவே தட்டினேன். நாலு பேரின் கடைசியிலும் ஒரே குடும்பப் பெயர் வரிசையாக நின்றது. கீழே கோடு போட்டபோது மார்பு விம்மியது. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தெருவில் எல்லோரும் எந்த அசைக்குக் கீழே கோடு போடுவதென்று திண்டாடிக்கொண்டிருக்க, என் தாள் மட்டும் வெள்ளைக்காரன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

நாங்கள் நாலாவது மாடியில் இருந்தோம். ரங்கூன் மாடிவீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. தபால்காரர் கடிதத்தைக் கிளிப்பில் மாட்டிக் கயிற்றை ஆட்டுவார், மணி அடிக்கும், மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் மணி அடிக்கவில்லை. கீழே பேச்சுக் குரல்தான் கேட்டது. தபால்காரர் ஒரு தடித்த உறையை வைத்துக்கொண்டு, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை, திருப்பி அனுப்பப் போகிறேன் என்று நின்றிருந்தார். தரைத்தளத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் பாய்தான் காப்பாற்றினார்.

"நாலாவது மாடி," என்றார் பர்மிய மொழியில். "ஞாயித்துக்கெழம காலைல மட்டும் அவனுக்கு இந்தப் பேரு."

நான் படியில் விழுந்தடித்து இறங்கினேன்.

"என்ன தம்பி, கவர் கனமா இருக்கு?"

"டி.வி. விழுந்திருக்கு பாய்."

"எத்தன இஞ்சு?" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

உறையை வாங்கியபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். என் வீட்டு வாசலிலேயே நான் யார் என்று ஒரு சாட்சி தேவைப்பட்டது. புத்திதான் வரவில்லை. பாய்க்கும் கடைக்கு வந்திருந்தவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மேலே போய் உறையைப் பிரித்தேன்.

சீட்டு விழுந்தால் விசா என்றுதான் தெருவே நினைத்துக்கொண்டிருந்தது, நிபுணரான நானும் உட்பட. கடிதத்தைப் படித்தால், விழுந்தது விசா இல்லை, விசாவுக்கான வரிசையில் ஒரு எண். கையிலிருக்கும் விசாக்களைவிடக் கூடுதலான ஆட்களுக்கு எண் கொடுத்துவிடுவார்கள். எண் சிறியதாக இருந்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள், பெரியதாக இருந்தால் கடைசியில். எது எப்படியானாலும் அந்தக் கணக்கு வருஷம் முடியும் செப்டம்பர் முப்பதோடு கடை மூடப்படும். அன்றைக்கு வரிசையில் நிற்பவன் கையில் என்ன இருந்தாலும் அது வெறும் தாள். என் எண், நல்ல நீளமான எண்.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எதுவும் புதிதாக வாங்கப்படவில்லை. கால் ஆடிய மேஜைக்கு அட்டை வைத்தோம், அங்கேதான் போகப் போகிறோமே என்று. பாஸ்போர்ட்டுக்கு அலைவதெல்லாம் மனைவியின் பொறுப்பு. எனக்குக் கிடைத்தது டைப்படிக்கும் பொறுப்பு. விசாவுக்கு நீளமான ஒரு படிவம் வந்திருந்தது. அதில் ஒரு கேள்வி: உங்களுக்கு வேறு பெயர்கள் உண்டா?

இல்லை என்று தட்டினேன். பார்க்காமல், முழு வேகத்தில்.

இன்றைக்கும் என்னை நிற்கவைத்துக் கேட்டால், அன்று நான் பொய் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன். வேறு பெயர் என்றால் என்ன? வேறு ஒருவனின் பெயர். திருடனுக்கு இருக்கும், நடிகனுக்கு இருக்கும். எனக்கு இருந்த இரண்டுமே என் பெயர்தானே? மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அதே பதிலைத் தட்டினேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். நாலு பேரும் புது உடுப்பில் போய்க் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றோம். உள்ளே ஓர் இளைஞர், அதிகாரி. மரியாதையானவர். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும். நான் அனுப்பிய முதல் தாளை ஒரு பக்கம் வைத்தார், பாஸ்போர்ட்டுகளையும் குடும்பப் பட்டியலின் மொழிபெயர்ப்பையும் மறுபக்கம் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?"

"இரண்டு."

"விண்ணப்பத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். குடும்பப் பட்டியலில் வேறு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். மொத்தம் நாலு." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, கூட்டல் மட்டும்தான் இருந்தது. "மனைவியும் அப்படியே. இங்கே ஒருவர், அங்கே ஒருவர்."

மனைவி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள், இன்னொருத்தி யார் என்பது போல.

"எல்லாம் ஒரே ஆட்கள்தான் ஐயா. எங்களுக்கு இரண்டு பெயர்."

அவர் நீளமான படிவத்தை எடுத்து, நான் தட்டிய "இல்லை" என்ற சொல்லைக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். நாலு தாள், நாலு "இல்லை". வரிசையாக, ஒரு பிழைகூட இல்லாமல்.

பிள்ளைகளில் யாரையாவது விண்ணப்பத்தில் விட்டிருந்தால் அது தள்ளுபடி, அதுதான் விதி. நான் இரண்டு பேரை விட்டுவிட்டேனா, அல்லது இரண்டு பேரை இரண்டு முறை எழுதினேனா என்பதை அவருக்கு யாராவது நிரூபிக்க வேண்டும். சின்னவளுக்கு அப்போது எட்டு வயது. அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. கையைத் தூக்கி, பர்மிய மொழியில், "ரெண்டும் நான்தான்" என்றாள். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு வண்ணச் சீட்டை எழுதி ஜன்னலுக்கு அடியில் தள்ளினார். நாலு பேருக்கும் இரண்டு பெயரும் ஒன்றே என்று உங்கள் டவுன்ஷிப் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில், முத்திரையோடு. மாதம் முடிவதற்குள்.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "நீங்க ரெண்டு பேரும் முன்னால நடங்க. நாங்க ஆறு பேரும் பின்னால வர்றோம்."

பர்மிய எழுத்துகளில் இரண்டாவது எழுத்து க. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு இரண்டு பெயர்களுக்கு நடுவில் வைத்தால், தமிழில் 'என்கிற' என்று பொருள். இன்னார் என்கிற இன்னார். பத்திரிகையில் பிடிபட்டவர்களின் பெயர்களுக்கு நடுவில் அந்த எழுத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இப்போது அந்த ஓர் எழுத்து எங்கள் நாலு பேருக்கும் வேண்டும். என் பெண்களின் காலேஜ் அந்த எழுத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

டவுன்ஷிப் அலுவலகத்தில் குடும்பப் பட்டியலைப் பார்த்துக்கொண்ட அம்மாள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி வைத்திருந்தார். எல்லாரும் அவரை 'அமா' என்பார்கள், அக்கா என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"எங்க லிஸ்டுல நீங்க ஒரே ஆளுதான்," என்றார் அவர். "ஒரு ஆளு ஒரு ஆளுதான்னு எதுக்கு லெட்டர்?"

"அமெரிக்காவுல ரெண்டு ஆளா இருக்கேன் அமா."

"இன்னொரு பேரு எப்ப வந்துச்சு?"

"பொறந்தப்பவே."

"அப்ப அதப் பொறந்தப்பவே வந்து சொல்லியிருக்கணும்."

"அப்ப எனக்குப் பேச்சு வரல அமா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அமா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். அன்று வியாழன். ஒரு ஜோக்குக்கு நாலு நாள். என் வாழ்நாளில் வேறு எந்த ஜோக்கும் எனக்கு அவ்வளவு நஷ்டத்தைக் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு போனேன். ஞானஸ்நானச் சான்றிதழ்கள் வேண்டும் என்றார். கொடுத்தேன். அவற்றைப் பர்மிய மொழியில் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினேன். எங்கள் வார்டிலிருந்து இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார். பாயைக் கூட்டிப்போனேன், பக்கத்து வீட்டுக்காரரையும். இரண்டு பெயரில் எது இவருடைய உண்மையான பெயர் என்று பாயிடம் கேட்டார்கள். "எனக்கே மூணு இருக்கு அமா," என்று அவர் ஆரம்பிக்க, நான் அவர் காலை மிதித்தேன். தினமும் அலுவலகத்தில் பெர்மிஷன் கேட்டு, தினமும் அதே பஸ்ஸில் தொங்கி, தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. அமா தன் வேலையைத்தான் செய்தார். அந்த இளைஞரும் தன் வேலையைத்தான் செய்தார். வேலையைச் சரியாகச் செய்யாத ஒரே ஆசாமிக்குத் தினமும் காலையில் நானே சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அலைச்சலின் மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, எல்லாம் கூடிவந்தது. பர்மிய மொழியில் வாசகம் தயார், கையெழுத்துப் போட அதிகாரி இருக்கிறார், முத்திரை இருக்கிறது. ஆங்கிலத்தில் டைப்படிப்பவர் மட்டும் லீவு.

"நான் அடிக்கறேன் அமா," என்றேன். "இதுதான் எனக்குத் தொழில்."

பழைய மெஷின், கட்டைகளில் பாதி எழுத்து அழிந்திருந்தது. எனக்கென்ன? பக்கத்தில் அமா வைத்த பர்மிய வாசகத்தைத் திரும்பிப் பார்க்காமல், அவரோடு பேசிக்கொண்டே, மூன்றே நிமிஷத்தில் அடித்து உருவினேன். அமாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் வேகம் தெரிந்தது. "ஸயா, கை பறக்குதே," என்று என்னை வாத்தியாராக்கினார். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்தார். முத்திரை விழுந்தது. நாலு பேர், நாலு 'என்கிற'.

வீட்டுக்கு வந்து தாளை மேஜையில் வைத்தேன், அட்டை வைத்த மேஜையில். மூத்தவள் படித்தாள், தங்கையிடம் கொடுத்தாள். சின்னவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, கடைசி வரியில் நிறுத்தினாள்.

"அப்பா, இது யாரு?"

"நீதான்டா செல்லம்."

"என் பேரு இது இல்லியே."

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். டீச்சரும் மனைவியும் சேர்ந்து வைத்த பர்மியப் பெயர் அது, மூன்று அசை. வீட்டில் நாங்கள் யாரும் அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டதில்லை. நடு அசையை நான் மாற்றி அடித்திருந்தேன். நான் அடித்ததும் அழகான பெயர்தான், எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் ஒரு பெண் இருந்தாள். ஆனால் அது என் மகளின் பெயர் இல்லை. பக்கத்தில் வைத்திருந்த தாளை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

மனைவி தாளை மடித்து உறையில் வைத்தாள். அவள் கிண்டல் செய்யாத நாட்களை எண்ணிவிடலாம், அது அதில் ஒன்று.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். அமா இல்லை. ஊரில் ஒரு சாவு, எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. முத்திரை அவருடைய அலமாரியில், சாவி அவருடைய இடுப்பில். செப்டம்பர் முப்பது வரை இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார், "முப்பது சனிக்கெழமையாச்சே?" சனிக்கிழமை விசா ஜன்னல் திறக்காது. என் செப்டம்பருக்கு இருபத்தொன்பது நாள்தான்.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் போனோம், அந்தத் தாளோடு. வேறு என்ன செய்ய? அதே இளைஞர். படித்தார். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்தார். என்னுடையது சரி, மனைவியுடையது சரி, மூத்தவள் சரி. நாலாவதில் பேனா நின்றது.

"இந்தப் பெயர் எந்தத் தாளிலும் இல்லையே."

"அது டைப்பிங் தப்பு ஐயா."

"யார் டைப்படித்தது?"

சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. திருத்திய கடிதம் இன்று மாலைக்குள் வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு முத்திரை குத்த முடியாது.

நான் அங்கிருந்து ஒரு டாக்ஸி பிடித்து மறுபடி டவுன்ஷிப் அலுவலகம் போனேன். அமா வந்திருக்க மாட்டார் என்று தெரிந்தே போனேன். பூட்டிய அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். விசா ஜன்னல் மூடும் நேரத்தில் மனைவியும் பெண்களும் வெளி நடைபாதையில், நான் வருவேன் என்று, புது உடுப்பில் நின்றிருந்தார்கள். வெறும் கையைப் பார்த்ததுமே மனைவி குடையை விரித்தாள். மழை இல்லை. முகத்தை மறைத்துக்கொள்ளத்தான்.

பஸ்ஸில் வரும்போது சின்னவள் கேட்டாள், "அப்பா, அப்ப அந்தப் பொண்ணு மட்டும் அமெரிக்கா போறாளா?"

"எந்தப் பொண்ணு?"

"நீங்க எழுதின பொண்ணு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்த இல்லாத பெண் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டாள். வீட்டில் சீப்பு காணவில்லை என்றால், அமெரிக்காக்காரி எடுத்துட்டுப் போயிருப்பா என்பாள் சின்னவள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போட்டேன், பாஸ்போர்ட்டில் உள்ள பர்மியப் பெயரில். விழவில்லை. உறையும் ஸ்கேலும் போய்க் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று ஆனது. தெருவின் நிபுணர் பதவியும் என்னை விட்டுப் போனது. காலேஜைத் திறந்தார்கள். மூத்தவள் தபால் வழியில் படித்து முடித்தாள். வருஷத்தில் பத்து நாள் வகுப்பு. காலேஜின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று இன்றைக்கும் அவளுக்குச் சரியாகத் தெரியாது.

கடைசியாகப் போட்டது சின்னவளோடு போய், ஓர் இன்டர்நெட் கடையில். அவளுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது. ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடித்து முடிக்கலாம், அத்தனை மெதுவான லைன். குறிப்பிட்ட நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். இருமுறை அழிந்தது. மூன்றாவது முறை அவளுடைய பெயர்க் கட்டம் வந்தபோது, பழக்கத்தில் என் கை தானாகக் கிளம்பியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாத்து அடிங்கப்பா."

பார்த்து அடித்தேன். அவள் ஒவ்வோர் அசையாகச் சொன்னாள், நான் ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால், கட்டையைத் தேடித் தேடி அழுத்தினேன். முதல் அசை. நடு அசை. மூன்றாவதற்குப் போகும்போது கரண்ட் போய்விட்டது. கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட வெளியே ஓடினார். இருட்டில் அவள் என் மணிக்கட்டை விடவில்லை.

"மறந்துடலியே?" என்றாள்.

மூன்று அசையையும் சொன்னேன்.